மூன்றாம் மாடிக்குப் போன மாமியார்

என் மாமியாரை நான்தான் துரத்திவிட்டேன் என்று எங்கள் தெருவில் பேச்சு. பேசட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

காலமெல்லாம் சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர் அத்தை. கூட்டம்தான் அவருக்கு மூச்சு. ஓய்வு பெற்றதும் என் கணவர் அவரை எங்கள் புறநகர் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். தனி அறை, தோட்டம், சத்தமில்லாத தெரு. எனக்கு அந்த அமைதி என்றால் உயிர். அத்தைக்கோ அது தண்டனை. கடைக்குப் போகவும் கார் வேண்டும், நூலகத்துக்குப் போகவும் கார் வேண்டும். அவருக்கு ஓட்டத் தெரியாது. மகன் எப்போது கிளம்புவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

ஒரு ஞாயிறு காலை என் கணவர் வாளியும் துணியுமாக வெளியே போனார். காருக்குள் அத்தை. நல்ல உடுப்பு, மடியில் கைப்பை, பெல்ட்டும் போட்டாயிற்று.

"அம்மா, நான் வண்டி கழுவத்தான் வந்தேன்."

"பரவாயில்லப்பா, கழுவு. நான் உள்ளயே இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே பாவமாகவும் இருந்தது.

அன்று மதியமே அத்தை சொல்லிவிட்டார். "நான் சிட்டிக்கே போறேன். செருப்புக்கடைக்கு மேல மூணாவது மாடியில ஒரு ரூம். பேசி முடிச்சிட்டேன்."

கணவர் எகிறினார். "இங்க உனக்கு என்னம்மா குறை? மருமக துரத்திட்டான்னு நாலு பேர் சொல்லுவாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும்," என்றேன் நான். "அந்த நாலு பேரா வந்து அத்தையை வெளிய கூட்டிட்டுப் போகப் போறாங்க?"

மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி! மனுஷர் மறுபடி வண்டி கழுவப் போய்விட்டார்.

போன வாரம் பார்க்கப் போனோம். மாடி ஏறுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கதவில் பூட்டு. கணவர் போன் போட்டார்.

"வெளிய இருக்கேன்பா. சாவி செருப்புக்கடையில இருக்கு. வாங்கித் திறந்து உக்காருங்க."

அவர் முனகிக்கொண்டே இறங்கி ஏறினார். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. எனக்கு இது ஒரு நாள்கூடச் சரிப்படாது.

கீழே, எதிர்ச்சாரியில் அத்தை வந்தார். கூட இரண்டு பெண்கள், ஓயாத பேச்சு. அவர்களிடம் விடைபெற்றுச் சாலையில் இறங்கி ஒரு கையை உயர்த்தினார். வந்த பேருந்து நின்றது. அதன் பின்னால் வந்ததெல்லாம் நின்றது. அத்தை துளி அவசரமும் இல்லாமல் நடுச்சாலையில் நடந்து வந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜன்னல் வழியே எட்டி, "அத்தை!" என்று கத்தினேன்.

அண்ணாந்து பார்த்தார். "வந்துட்டீங்களா? அங்க என்ன பண்றீங்க, கீழ இறங்குங்க. வெளிய போகலாம்!"