சூசை சாரின் கணுக்கால்

கந்தர்வக்கோட்டை பஸ் கண்டக்டர்தான் இறங்கி வந்து சொன்னார்: “ஒங்க சூசை வாத்தியார் காலையில தவறிட்டாருங்க.” பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாஸ்கு, அதாவது ஈஸ்டர், முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் யாரும் அவர் கணுக்காலைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வேட்டியைத் தரையில் புரளக் கட்டுவார். வருஷக்கணக்காக நின்றே பாடம் நடத்தியதில் நரம்பு புடைத்து, கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்துவிட்டது. யாராவது குஷ்டம் என்று சொல்லிவிட்டால் வேலை போய்விடும் என்று நடுங்குவார். “குஷ்டமில்லை, ரத்தம் தேங்குது. கழுவி எண்ணெய் போடு, காலை உயர்த்தி வை, தேய்க்காதே” என்று டாக்டர் சொல்லியும் அந்தப் பயம் போகவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். சாயந்தரம் தலையணை மேல் காலைத் தூக்கி வைப்பார். நான் தேங்காய் எண்ணெய் தடவுவேன். “ராசா கணக்கா கெடக்கேன். ஒங்க வீட்டுல பாத்தா என்னைய வெளக்குமாத்தால அடிப்பாக” என்று சிரிப்பார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று மாதா கோவிலில், யேசு சீடர்களுக்குச் செய்தது போல, பன்னிரண்டு பேருக்குச் சாமியார் பாதம் கழுவுவார். இந்த வருஷம் சூசை சாரையும் கூப்பிட்டார். “ஊருக்கு முன்னால காலக் காட்டணுமே சார்” என்று தவித்தார். நான்தான் பெரிய மேதாவியைப் போலச் சொன்னேன்: “போய் உக்காருங்க. சாமியாரே தொட்டுட்டா, அப்பறம் எவன் வாயத் தொறப்பான்?”

ஒப்புக்கொண்டார். ஆனால் கறுப்பு போகட்டுமென்று ஒரு வாரமாகக் கிணற்றடியில் செங்கல் துண்டால் கணுக்காலைத் தேய்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது. சாமியார் தண்ணீர் ஊற்றியதும் தாம்பாளத்தில் ரத்தம் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். கோவிலே பார்த்தது.

புண் சீழ் வைத்தது, காய்ச்சல் ஏறியது. “ஆஸ்பத்திரிக்குப் போனா குஷ்டம்னு எழுதிருவாக” என்று கட்டிலை விட்டு இறங்க மறுத்தார். கெஞ்சினேன், திட்டினேன், காலில்கூட விழுந்தேன். அவருடைய தம்பி வந்து வண்டி கட்டி ஊருக்குக் கொண்டுபோனார்.

வண்டி கிளம்பிய அன்று காலையில் கடைசியாக எண்ணெய்க் கிண்ணத்தோடு அருகில் போனேன். என் கையைத் தள்ளினார். “தொடாதீங்க சார். ஒட்டிக்கிட்டா ஒங்க வேலையும் போயிரும்.”

டாக்டர் சொன்னதை மறந்து, ஊர் நினைத்ததை அவரும் நம்பிவிட்டார். அவருக்குக் குஷ்டம் இல்லை. இதை எல்லாருக்கும் சொல்லுங்கள். எனக்கென்று மிஞ்சியிருப்பது, என் பேச்சைக் கேட்டுப் போய் உட்கார்ந்த மனிதர் எனக்காகப் பயந்து தள்ளிவிட்ட என் கைதான்.