பெருங்காயம் போடாத சாத்தமுது

என் மனைவி இறந்த பிறகு நான் இளைக்கத் தொடங்கினேன். அது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. புதுக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறவர்கள் முதலில் தெளிவாகப் பார்ப்பது எதிரில் நிற்கும் என் முகத்தைத்தான். "என்னங்க, இப்படி உருகிப் போயிட்டீங்க" என்பார்கள். விஷயம் தெரிந்தவர் யாராவது தணிந்த குரலில் சொன்னதும் அடுத்த கேள்வி வராது. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்காரம்மாவும் அப்படித்தான். கீழ்ப்போர்ஷனில் தனியாக இருக்கும் மாமி அவர். மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏக்கம் ஆளைத் தின்னுடும் சார்" என்பார்.

உள்ளதைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வாய்விட்டு அழத் தெரியாத ஆள் நான். காரியத்தன்று கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று லால்குடியில் இருக்கும் அண்ணிக்கு இன்றும் குறை. இப்போது இடுப்பில் நிற்காத பேண்ட்டும் குழி விழுந்த கன்னமும் எனக்காகப் பேசின. நான் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் பிரெட், ராத்திரி கடையிலிருந்து சப்பாத்தி பார்சல். சாப்பிட்டால் வயிறு உப்பும், பிறகு சாப்பிட்டது சாப்பிட்டபடியே போகும். ஒருநாள் கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டேன். முதலாளி ஆட்டோ பிடித்து தில்லை நகருக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார். முடிவு வந்ததும் பொறுமையாகச் சொன்னார். "சாப்பாடு குடலுக்குள்ள போனா மட்டும் போதாதுங்க. அதை உடம்புக்குள்ள இழுத்துக்க ஆள் வேணும். சிறுகுடல் சுவர் முழுக்கப் பொடிப்பொடியா விரல் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். ஸ்கூல்ல குடலுறிஞ்சின்னு படிச்சிருப்பீங்க."

படித்திருந்தேன். பரீட்சையில் படம் வரைந்து பாகமும் குறித்திருக்கிறேன். ஒவ்வொரு விரலுக்குள்ளும் மெல்லிய ரத்தக் குழாய்கள். நடுவில் கொழுப்பை வாங்கிக்கொள்ள இன்னொரு சின்னக் குழாய். விரலின் மேல்தோலிலும் கண்ணுக்கே தெரியாத துளிர்கள். அத்தனையும் சேர்ந்துதான் ஒரு கவளம் சோற்றில் இருக்கும் சத்தை ஒட்ட எடுக்கின்றன.

"வீட்ல தேங்காப்பூ துண்டு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க."

"புதுசுல தண்ணிய எப்படி இழுக்கும்? பூ எல்லாம் தேஞ்சு மொட்டையாப் போச்சுன்னா?"

"தண்ணிய தள்ளிவிடும், ஒத்தாது."

"உங்க குடல் இப்ப அந்த மாதிரி இருக்குங்க. கோதுமையில இருக்கிற ஒரு சத்து உங்க உடம்புக்கு ஆகல. அதை எதிரின்னு நினைச்சு உடம்பே தன் குடலை அரிச்சுக்குது. அரிசி சாப்பிடற நம்ம பக்கத்துல இது அபூர்வம். கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாத்தையும் ஆயுசுக்கும் விட்டுடுங்க. பூ திரும்ப வளந்துடும்."

நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. என் ஏக்கத்துக்கு அவர் கோதுமை என்று பெயர் வைத்துவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவளிடமிருந்து என்னை யாரோ பிரித்துவிட்டது போல இருந்தது. வீட்டுக்கு வந்து கொடியில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தேன். அவள் வாங்கியது. மொட்டையாகத்தான் இருந்தது.

அண்ணன் போனில் சிரித்தார். "நெல்லு விதைக்கிற வீட்ல பொறந்துட்டு கோதுமைகிட்டப் போய் மாட்டிக்கிட்டியேடா." வடக்கிலிருந்து தன்னைத் தேடி வந்த துலுக்க நாச்சியாருக்காகக் கோயிலில் பெருமாளே ரொட்டி சாப்பிடுகிற ஊரில் எனக்கு ரொட்டி கிடையாது என்று ஆகிவிட்டது. கடையில் டீ நேரத்தில் பிஸ்கட்டும் பப்ஸும் பிரிக்கும்போது, எனக்கு ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன். கல்யாணங்களுக்கும் போவதை நிறுத்தினேன். பந்தியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இதில் என்ன மாவு என்று கேட்டால் யார் பக்கத்தில் உட்காருவார்கள்?

கோதுமையை அறவே விட்டும் உடம்பு தேறவில்லை. வயிறு உப்பிக்கொண்டேதான் இருந்தது. மாமி கைவைத்தியம் சொன்னார். "மோர்ல தாராளமா பெருங்காயம் போட்டுக் குடியுங்கோ சார். வாயுவெல்லாம் ஓடிப்போயிடும்." குடித்தேன். உப்பல் கூடக்கூட, பெருங்காயத்தையும் கூட்டிப் போட்டுக் குடித்தேன். அதோடு மாமி தினமும் மாடிப்படி வரை வந்து ஒரு சின்னப் பாத்திரத்தில் சாத்தமுது தருவார். ரசத்துக்கு அவர்கள் வீட்டுப் பேச்சில் அதுதான் பெயர். இன்னொருவர் கையால் சமைத்து என் வீட்டுக்குள் வந்த சாப்பாடு அது ஒன்றுதான். படியில் மாமியின் காலடிச் சத்தம் கேட்டால், அன்றைக்கு என்னை யாரோ நினைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "ஏதோ ஒரு வழியா உள்ள போகுது. சமையலறையில இருக்கிற டப்பாவ ஒவ்வொண்ணா படிச்சுப் பாருங்க." பொடி எழுத்துப் படிப்பது என் தொழிலாயிற்றே. ஞாயிற்றுக்கிழமை எல்லா டப்பாக்களையும் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெருங்காய டப்பாவின் அடியில் இருந்தது: மைதா. பிசினோடு மாவைக் கலந்துதான் பெருங்காயம் செய்கிறார்களாம். மருந்து என்று மொடக் மொடக்கென்று குடித்தேனே, அதுதான் என் குடலைத் தின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கூடத்துப் பக்கம் திரும்பினேன், அவளைக் கூப்பிட்டுச் சொல்வதற்கு. அதற்குப் பிறகு அடுப்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாமியிடம் சொன்னேன். பெருங்காயம் போடாமல் தர முடியுமா என்றும் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பெருங்காயம் போடாம தளிகை பண்றது தெவசத்துக்குன்னா சார். போனவாளுக்குப் பண்றது. உயிரோட இருக்கறவருக்கு என் கையால அப்படிப் பண்ணிக் குடுக்கமாட்டேன்."

அதில் கோபம் இல்லை. எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தார். மறுநாளிலிருந்து படியில் சத்தம் இல்லை. மாமியின் பாத்திரம் ஒன்று கழுவி வைத்தபடி என் அலமாரியிலேயே இருந்தது.

நடுவில் மாமியின் கணவருக்குத் திதி வந்தது. பெங்களூரிலிருந்து மகன் வந்திருந்தார். மிளகும் சீரகமும் நெய்யுமாக மணம் மேலே ஏறி வந்தது. அந்த வீட்டில் நான் பயமில்லாமல் சாப்பிடக்கூடிய ஒரே சமையல் அன்றையதுதான். அது வீட்டார் தவிர மற்றவருக்குத் தரக்கூடாதது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாமி பாத்திரத்தை நீட்டினார்.

"பெருங்காயம் போடலை. முதல்ல பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணிட்டேன். இனிமே இது பிரசாதம், தெவசத் தளிகை இல்ல." இறங்கப் போனவர் திரும்பி, "பெருமாள் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

பிறகு உடம்பு தேறியது. டாக்டரம்மா மறுபடி குழாய் விட்டு எடுத்த படத்தைக் காட்டினார். விரல்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தன. வெளியே வந்து போனை எடுத்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திரும்பப் பையில் போட்டேன்.

கன்னம் நிரம்பியது. "ஒரு வழியா வெளிய வந்துட்டீங்க" என்று கடைக்கு வருகிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அண்ணி ஒருபடி மேலே போய், தெரிந்த இடத்தில் ஒரு பெண் இருப்பதாகப் பேச்செடுத்தார். ஆறேழு மாதச் சோறு உடம்பில் ஒட்டியதில், நான் அவளை மறந்துவிட்டேன் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அது தாங்கவில்லை.

அப்படி ஒருநாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நன்னா தேறிட்டேள் சார். மனசும் ஆறிடுத்து போலருக்கு."

"இல்லங்க மாமி" என்றேன். "அவ இல்லாம எனக்கு முடியல."

அதை நான் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் பாத்திரத்தை நீட்டினேன். மாமி அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நல்ல பூரிப்பான உடம்பு அவருக்கு, நான் குடிவந்த நாளிலிருந்து அப்படியேதான் இருக்கிறார்.

"எனக்கும் ஆறலை சார்" என்றார். "நான் இளைக்கலையோன்னோ, அதனால யாரும் கேக்கலை."