தெருப்பக்கச் சுவர்

எர்லீன் பழைய ஜெர்மன் வீட்டுக்கு சிமென்ட் பூசி நாசம் பண்ணுகிறாராம் என்று பெக்கான் ஓடை ஊர் முழுக்கப் பேச்சு. பேக்கரியில் ஒருவர் சத்தியமே செய்தார். பார்த்தவர்தான் ஒருவருமில்லை. நேரில் போய்ப் பார்த்தால், வாளியில் இருந்தது சுண்ணாம்பும் ஆற்று மணலும். சுவரில் சிமென்ட் இருந்தது உண்மை. எர்லீன் அதை உளி வைத்துக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அறுபத்தேழு வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். போகிற வழியில் தினமும் பார்த்த, கூரை தொங்கிய, ஆளற்ற அந்த வீட்டை ஓய்வுபெற்றதும் வாங்கிவிட்டார். டெக்சஸில் முதன்முதலாகக் குடியேறிய ஜெர்மன்காரர்கள் கட்டியது. மரச்சட்டம், நடுவே மெத்தென்ற சுண்ணாம்புக்கல். இருபது வருடத்துக்கு முன் ஊர்ப் பாரம்பரியக் குழு இதைக் 'காப்பாற்றியது'. அதாவது, கல்லிடுக்கில் சிமென்ட்டை அப்பிவிட்டு, வாசலில் தன் பெயரைப் பித்தளையில் பொறித்துக்கொண்டது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் பொரிந்து உதிர்ந்தது. பித்தளைக்கு ஒரு குறையுமில்லை.

ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புச் சாந்தைச் சுவர் முழுக்கப் பூச எர்லீன் அனுமதி கேட்டார். குழு மறுத்தது. கல்லும் கட்டையும் தெரிந்தால்தான் ஜெர்மன் வீடாம், சுற்றுலா வருகிறவர்கள் அதைத்தான் படம் பிடிக்கிறார்களாம். குளிர்மழைக்குள் பூசாவிட்டால் தெருப்பக்கச் சுவர் விழுந்துவிடும் என்று அவர் எழுதிய மூன்று கடிதங்களும் போன இடம் தெரியவில்லை.

ஒருவழியாகத் தலைவர் ஹார்லன் குழுவோடு வந்தார். எர்லீன் ஏணியைச் சாத்தினார்.

"ஏம்ப்பா ஹார்லன், கூரைக்கு அடியில ஏறிப் பாரு. அந்தக் காலத்துப் பூச்சு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. கட்டை வெளிய தெரிஞ்சா, முழுக் கல்லுல கட்ட வக்கில்லாதவன்னு சொல்லுவாங்கன்னு உன் கொள்ளுத்தாத்தா காலத்து ஆளுங்க பூசி மறைச்சாங்க."

"எனக்கு முட்டி வலி எர்லீன். ஏணியெல்லாம் ஆகாது."

"ஊர்வலத்துல குதிரை மேல ஏறினப்ப அந்த முட்டி எங்க போயிருந்துச்சு?"

குழுவில் ஒருவர் சிரித்து, அதை இருமலாக்கினார். ஒருவரும் ஏறவில்லை. ஏறிப் பார்த்தால் தீர்மானத்தை மாற்ற வேண்டி வருமே! நின்ற இடத்திலேயே கை தூக்கி முடிவு செய்தார்கள்: மற்ற மூன்று பக்கமும் பூசலாம், தெருப்பக்கம் வெறுங்கல்லாகவே இருக்க வேண்டும். சாரல் அடிப்பது அந்த ஒரு பக்கம்தான்.

மறுநாள் எர்லீன் தெருப்பக்கத்திலிருந்தே பூச ஆரம்பித்தார். அடுத்த மாதம் குளிர்மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. சுவர் நின்றது.

பிறகு குழுவின் கடிதம் வந்தது. முப்பது நாளுக்குள் பூச்சைச் சுரண்டி, சுவரை வெறுங்கல்லாகத் திருப்பித் தர வேண்டும். பூச்சு நன்றாகக் காயட்டும், பிறகு யோசிக்கலாம் என்று எர்லீன் பதில் போட்டார். கெடு முடிந்து ஏழு வாரமாகிறது. குழுவுக்கு அவர் இன்னும் ஒரு வெறுஞ்சுவர் பாக்கி.