ஸ்டார்ட்டருக்கு வைத்த பொட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில் கிணற்று மோட்டார் மாட்டித் தருவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பியிருந்தேன். அந்த எண்ணத்தை இன்றும் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. கோபம்தான் கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறைத்தது பக்கத்துத் தாமல் கிராமத்தில் ஒரு அம்மாவின் கிணறு.

அந்த வருஷம் ஏரி வறண்டு கிடந்தது. அந்த அம்மாவின் புருஷனுக்கு மெட்ராஸில் ஆலை வேலை. பயிர் முழுக்க அம்மாவின் பொறுப்பு. இருந்தது ஒரே நாற்றங்கால். அது கருகினால் மறுபடி விதைக்க வீட்டில் விதைநெல் கிடையாது.

மாட்டிய அன்று புது மோட்டார் ஜோராக ஓடியது. நான் பெருமையோடு ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினேன். பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஒரு இரும்புத் தகடு காந்தத்தில் போய் ஒட்டும். ஒட்டியிருக்கும்வரை மோட்டார் ஓடும். "இதுதான்மா இதுக்கு உசுரு" என்றேன். மறுநாளும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும் என்று மூடியை வெறுமனே சாத்திவிட்டு, திருகுகள் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மோட்டார் ஓடியது, நின்றது. பொத்தானை அமுக்கினால் மறுபடி ஓடும், பத்து எண்ணுவதற்குள் நிற்கும். போய்ப் பார்த்தேன். காந்தத்தின் முகத்தில் செம்மண் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. கிணற்றடி ஈரத்தில் துரு ஏறிவிட்டது என்று துடைத்தேன். ஓடியது. அடுத்த நாள் அதே கதை. இந்த முறை காந்தத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளை, காயிலையே மாற்றினேன். மறுபடி திறக்க வேண்டிவரலாம் என்று மூடியை அப்போதும் சாத்தியதோடு சரி. வீடு திரும்பும் வழியெல்லாம் ஸ்டார்ட்டர் விற்ற கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். அதற்கும் அடுத்த நாள் மறுபடி ஆள் வந்தது. நாற்றின் நுனி மஞ்சளாகிவிட்டதாம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காலையிலேயே போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். அங்கே மின்சாரம் மத்தியானம்தான் வரும். அதற்குச் சற்று முன்னால் அம்மா தலைக்குக் குளித்து, தட்டோடு வந்தார். ஸ்டார்ட்டர் மூடியை எடுத்தார். சந்தனத்தைத் தொட்டு உள்ளே காந்தத்தின்மேல் அப்பினார், அதன்மேல் குங்குமம்.

நான் துரு என்று துடைத்தது இதைத்தான். காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே சந்தனம் காய்ந்து நின்றால் எப்படி ஒட்டும்? கத்துவதற்காகவே ஓடினேன்.

"நீதானே பா சொன்ன, இதுதான் உசுருன்னு. தெனம் பொட்டு வெச்சிக்கினுதான் இருக்கறேன். அப்பவும் நிக்குது" என்று சொல்லிக்கொண்டே விரலை வெளியே எடுத்தார்.

மோட்டார் கொட்டகையில் பல்பு எரிந்தது. கரண்ட் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. ஒரு நொடி முந்தியிருந்தால் விரல் உள்ளே இருந்திருக்கும்.

கத்த வந்ததை விட்டுவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். காந்தத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். பையிலிருந்து திருகுகளை எடுத்தேன். இரண்டையும் போட்டு மூடியை இறுக்கிப் பூட்டினேன்.

"பொட்ட இனிமே மூடிமேல வைங்கமா."

வைத்தார். மோட்டார் நிற்காமல் ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் நாற்றங்காலைத் தொட்டதும், "என்னா கோளாறு பா?" என்று கேட்டார்.

"என் கோளாறுதான்மா. திருகு போடாம வுட்டுட்டுப் போனேன்."

"அதனால என்னாபா, பொழச்சிக்கிச்சில்ல" என்றார்.

அவர் சொன்னது நாற்றை. என் கண் குங்குமம் ஒட்டியிருந்த அவருடைய விரலைவிட்டு அகலவில்லை.