மறுபடி மேடம்

"வலுப்படுத்துதல்னு எழுதியிருக்கீங்களே, யாரு வலுப்படுத்துவா? எதை? எப்போ?" போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டபடியே கேட்கிறார் மேடம். மறுமுனையில் ஓர் ஆராய்ச்சியாளர் மூச்சுவிடாமல் விளக்குகிறார். இவரும் பொறுமையாகத்தான் கேட்கிறார். "நீங்க சொல்றது நல்லாப் புரியுது தம்பி. பேப்பர்ல இல்லையே. மறுபடி எழுதுங்க."

அலுவலகத்தில் அவருக்கு மறுபடி மேடம் என்றே பெயர். அது அவர் காதுக்கும் எட்டிவிட்டது. "பரவாயில்ல, இதைவிட மோசமா வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்கிறார்.

மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் அலுவலகம் அது. புது மருந்து, புது இயந்திரம் என்று வருகிறவர்களுக்குப் பக்கத்து அறைகளில் ராஜமரியாதை நடக்கும். மேடத்தின் பிரிவு மட்டும் மாற்றாந்தாய்ப் பிள்ளை. இருக்கிற மருந்து ஏன் நோயாளி கைக்குப் போய்ச் சேரவில்லை, நர்ஸ் வேலை ஏன் ஆளில்லாமல் கிடக்கிறது, காய்ச்சலோடு வந்தவர் எதற்காக அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றெல்லாம் ஆராய்கிறவர்களுக்குப் பணம் வாங்கித் தருவது இவர் வேலை. டாக்டர்களிடம் போனால் "இது நிர்வாகம்மா" என்பார்கள். நிர்வாகத்தாரிடம் போனால் "இது ஆராய்ச்சியாச்சே" என்பார்கள். இரண்டு வாசலிலும் நின்று நின்று தன் கால் வீங்கியதுதான் மிச்சம் என்று புலம்புவார்.

வேலை அவரை அலுவலகத்துக்கு வெளியிலும் விடுவதில்லை. எங்கே வரிசையைக் கண்டாலும் முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டி, "நீங்க எப்ப வந்தீங்க? ஏன் இவ்வளவு நேரமாம்?" என்று ஆரம்பித்துவிடுவார். தபால் நிலையம், ரயில் நிலையம், எதுவும் விலக்கில்லை. கணவர் யாரோ எவரோ என்பதுபோலத் தள்ளி நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தங்கை விஷயத்தில்தான் அவருக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. கைக்குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட அவள் சுகாதார நிலையத்துக்கு நடையாய் நடந்தாள். ஊசி மருந்து குளிர்பெட்டியில் இருந்தது. பெட்டிச் சாவி ஒரே ஒரு நர்ஸிடம் இருந்தது. அந்த அம்மாவோ ஒரு நாள் பயிற்சிக்குப் போயிருப்பார், ஒரு நாள் கூட்டத்துக்குப் போயிருப்பார். கடைசியில் ஊசிக்கு முன்னால் தட்டம்மை வந்துவிட்டது. குழந்தை பிழைத்ததே பெரும்பாடு. "நீ பெரிய ஆபீஸ்ல உக்காந்து என்னக்கா கிழிக்கிற?" என்று தங்கை கேட்டாள்.

அதனால்தான் அந்தப் பேராசிரியரின் விண்ணப்பம் மேசைக்கு வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர் ஊராகப் போய், மருந்து இருந்தும் குழந்தைகள் ஊசியில்லாமல் திரும்புவது ஏன் என்று பார்க்கப்போகும் ஆய்வு அது. நல்ல மனுஷர், விஷயம் தெரிந்தவர். எழுத்துதான் வாயில் நுழையவில்லை. 'சேவை வழங்கல் கட்டமைப்பின் இடையூறுக் காரணிகளைப் பன்முக நோக்கில் ஆராய்தல்' என்று தலைப்பு வைத்திருந்தார். "இதை உங்க வீட்டம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க சார். அவங்க கொட்டாவி விடலேன்னா அனுப்புங்க" என்று மேடம் திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது. மறுபடி போனது. பேராசிரியர் சலித்துப்போய், கடைசியில் பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதிக்கொடுத்தார்: 'குளிர்பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது? அவர் வராத நாளில் என்ன நடக்கிறது?' மேடத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஓர் இடத்தில்கூடச் சிவப்புப் பென்சில் படவில்லை.

கமிட்டி கூடியது. மேடத்துக்கு அங்கே ஓட்டு கிடையாது. விண்ணப்பத்தை வாசிக்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். முதல் வரியிலேயே சிரிப்பு கிளம்பியது.

"சாவி இல்லேன்னா இன்னொண்ணு செஞ்சுக்கச் சொல்லுங்கம்மா. இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்றார் தலைவர். பெரிய டாக்டர், நல்லவர்தான். பக்கத்தில் இருந்தவர், "ஃபைல்ல இருக்கிற பழைய தலைப்பு கொஞ்சம் கனமா இருந்துச்சே" என்றார். மேடத்துக்குத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. புரியாமல் எழுதியிருந்தால் பயந்தாவது கையெழுத்துப் போட்டிருப்பார்கள். புரிய வைத்தது அவரே செய்த வினை.

"எத்தனை ஊர்ல செய்யணும் சார்?" என்று கேட்டார்.

"என்னது?"

"சாவி. எந்தெந்த ஊர்ல இல்லேன்னு யாருக்குத் தெரியும்? சாவி ஒரு ஊர்ல. இன்னொரு ஊர்ல கரண்ட் இருக்காது, இன்னொரு ஊர்ல ஆளே இருக்க மாட்டாங்க. எங்க எதுன்னு யாராவது போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வி அவரைத் தொட்டதாகத்தான் தெரிந்தது. ஆனால் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்று எழுந்தார். அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பது மேடத்துக்குத் தெரியும். இன்று முடிவாகாவிட்டால் பிரிவில் மிஞ்சிய நிதி பக்கத்து அறை இயந்திரத்துக்குப் போய்விடும். மற்றவர்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. யாரோ பிரியாணியா சைவமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

மேடமும் எழுந்தார். தன் நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்துக்கொண்டுபோய், கதவுக்குக் குறுக்கே போட்டு, அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.