முந்திக்கொண்ட கால்

1. திரும்பி வந்த சான்றிதழ்

ஸ்பின் பயிற்சி முடித்தார் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழை நாலாம் நாள் கேப்டன் ஜமால் என் மேசைமேல் திரும்ப வைத்தார். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் பெரிய ஜெட் விமானங்களில் இருபது வருட சர்வீஸ். ஒருமுறை மழைமேகத்துக்குள் அவர் விமானத்தின் மூக்கு தூக்கிக்கொண்டு, இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கை அலறியிருக்கிறது. ஸ்டிக்கை முன்னால் தள்ளி மூக்கை இறக்க வேண்டிய நேரத்தில் இவர் பின்னால் இழுத்துவிட்டார். கோ-பைலட்தான் முன்னால் தள்ளிக் காப்பாற்றியிருக்கிறார். பின்னால் நூற்றுச் சொச்சம் பேர். அதனால்தான் ஸ்பின் பழக எங்கள் சின்ன விமானப் பயிற்சிப் பள்ளிக்கு வந்தார்.

"தேதி எதுவும் தப்பா கேப்டன்?" என்றேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. கோவிச்சுக்கிறாதீகண்ணே. ஆறு ஸ்பின்லயும் ஃபிளைட்ட மீட்டது நான் இல்ல, நீங்க."

"நான் ஸ்டிக்கத் தொடவே இல்லையே."

"ஸ்டிக்கத் தொடல. ஆனா என் கால் போறதுக்கு முன்னாடியே ரட்டர் பெடல் உள்ள போயிருது. நீங்கதான் அமுக்குனீக."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவனிடம் வந்து பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன்.

2. அலுப்பு

ஸ்பின் என்பது ஒரு பக்கத்து இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, விமானம் மூக்கைக் கவிழ்த்துச் சுழன்றபடி விழுவது. இன்ஜின் த்ராட்டிலைக் குறை, வால் சுக்கானைத் திருப்பும் ரட்டர் பெடலில் எதிர்ப்பக்கத்தை முழுசாக அமுக்கு, ஸ்டிக்கை முன்னால் தள்ளு. இதை ஒப்பிக்காத பைலட் கிடையாது. உடம்பு செய்யுமா என்பதுதான் கேள்வி. எங்கள் விமானத்தில் இருவரும் அருகருகே உட்காருவோம். இரண்டு பேருடைய பெடல்களும் இணைந்தவை, ஒருவர் அமுக்கினால் மற்றவருடையதும் போகும்.

பள்ளியில் ஸ்பின் சொல்லிக்கொடுக்க நான் ஒருத்தன்தான். காலையில் நாலு பேர், ஆளுக்கு மூன்று தடவை. மதியம் சோறு பிசைந்தால் தலைசுற்றலில் தட்டு இடப்பக்கமாக நகரும். எப்போதடா முடியும் என்றிருக்கும். அந்த அவசரத்தில் கால் தானாக முந்தியிருக்கிறது. எத்தனை வருடமாக என்று எனக்கே தெரியவில்லை. கோபம் அடங்கி வெட்கம் வந்தது.

"காலைல வாங்க" என்றேன்.

3. ஐந்து சுற்று

ஆறாயிரத்து ஐந்நூறு அடி. கீழே கடல். "நாலாயிரம் அடி வரைக்கும் நான் பொணம். அதுக்குக் கீழ போனா நான் எடுத்துக்கிருவேன்" என்று சொல்லிவிட்டுக் கால்களைப் பின்னுக்கு இழுத்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

இடப்பக்கம் ஸ்பின்னில் விழுந்தோம். பாம்பன் பாலம் கண்ணாடியில் ஒரு தடவை கடந்து போனது. இரண்டு. அவர் ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடித்திருந்தார். விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. மூன்று. என் உள்ளங்கால் துடித்தது. எனக்குப் பயமாகவே இருந்தது. நாலு. ஐயாயிரம் அடி.

"யா அல்லாஹ்" என்று மெல்லச் சொன்னார். ஐந்தாவது தடவை பாலம் வரும்போது வலது கால் உதைத்தது. சுழற்சி நின்றது. ஸ்டிக்கைத் தள்ளினார், கண்ணாடி முழுக்கக் கடல், பிறகு மெதுவாக மூக்கு எழுந்தது. நாலாயிரத்து இருநூறு.

இறக்கைகளைச் சமப்படுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கால் என்னுதுதானண்ணே?"

"என் கால் இங்கனதான் கெடக்கு, பாருங்க."

குனிந்து பார்த்தார். "அப்ப இன்னொன்னு போடுவோம்" என்றார். நாலு போட்டோம். கடைசியில் ஒரே சுற்றில் மீட்டார். அதன் பிறகுதான் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தேன்.

4. மற்றவர்கள்

அன்று என் பழைய லாக்புக்குகளை எடுத்து, என்னிடம் ஸ்பின் கற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். சிலர் வந்து மறுபடி ஸ்பின் போட்டார்கள். பலர், "அதான் பாஸாயிருச்சே சார், இப்ப லீவு கெடைக்காது" என்றார்கள். வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

நான் கற்றது இவ்வளவுதான். சொல்லிக்கொடுப்பவன் அலுத்துப்போனால் கற்பவனின் வேலையைத் தானே செய்துவிடுவான், செய்தது அவனுக்கே தெரியாது. அலுத்துவிட்டால் ஆசிரியர் சீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். நான் அந்த வருடமே இறங்கிவிட்டேன்.

இப்போது எங்காவது போக விமானத்தில் ஏறினால், கதவு சாத்தியதும் வரும் அறிவிப்பில் கேப்டனின் பெயரை மட்டும் உற்றுக் கேட்கிறேன், வராமல் போனவர்களில் ஒருவரா என்று.