அம்மாவின் மணிக்கட்டில் ஒரு வார்த்தை

குன்றத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெண்ணின் மணிக்கட்டில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஆறாவது படிக்கும்போது அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தாள். சூப்பர்வைசர் சொல்கிற இங்கிலீஷ் வார்த்தைகளை டீ பிரேக்கில் மணிக்கட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் கையை நீட்டுவாள்.

"இதுக்கு இன்னா அர்த்தம், பாரு."

ரிஜெக்ட், ஷார்ட்டேஜ், எல்லாம் நான்தான் டிக்ஷனரி பார்த்துச் சொன்னேன்.

ஒருநாள் 'டெர்மினேட்' என்று எழுதியிருந்தது. வியர்வையில் மை கலங்கியிருந்தது. புத்தகத்தில், வேலையை விட்டு நீக்குதல் என்று போட்டிருந்தது.

"இதுல இல்லம்மா" என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேம்மா."

சரி என்று கையைக் கழுவப் போனாள்.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ் ரோட்டில் ஹாரன் அடித்தது. அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள். யூனிஃபார்ம் கொடியிலேயே கிடந்தது. அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. வேறு ஏதாவது அர்த்தம் இருக்குமா என்றுதான் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

பஸ் திரும்பும்போது அந்தப் பெண்ணின் கை என் முகத்துக்கு அருகில் வந்தது. படித்துவிடுவேனோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.